செம்பு கலந்த அலுமினியம்

அந்த வளையத்தை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். நடுவில் பெரிய துளை. ஒரு பக்கம் மெல்லிய விளிம்பு, மறுபக்கம் கைமுஷ்டி கனத்துக்கு ஒரு புடைப்பு. வெளிநாட்டில் ஏதோ ஒரு லாரியின் எஞ்சினுக்குப் பக்கத்தில் அது போய் உட்காரும் என்று சொன்னார்கள். எந்த நாடு, என்ன லாரி என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மரப்பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிவிடுவோம். அதோடு சரி.

நானும் என் அக்காவின் கணவரும் எதிரெதிரே நின்று அந்த வளையத்தை வார்த்தோம். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார். இரண்டு பேரும் நகரியில் பிறந்து விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அக்கா, மாமா மூன்று பேரும் ஒரே முதலாளியிடம் கூலிக்குத் தறி ஓட்டினார்கள். நாட்டின் கதவைத் திறந்துவிட்டதாகப் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் தெருவில் நூல் விலை ஏறியது, துணி விலை ஏறவில்லை. முதலாளி ஒவ்வொரு தறியாகக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். கடைசித் தறியும் போன பிறகு நைனா கட்டட வேலைக்குத் திருத்தணிப் பக்கம் போனார். மாமா ரேணிகுண்டாவைத் தாண்டி ஏர்பேடு போகும் வழியில் புதிதாக வந்திருந்த வார்ப்படத் தொழிற்சாலைக்குப் போனார். கொஞ்ச நாளில் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார்.

முன்பு வேர்க்கடலை விளைந்த நிலம் அது. இன்னும் மூன்று பக்கமும் கடலைக் கொல்லைதான். நடுவில் நீலத் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. உள்ளே நான்கைந்து எண்ணெய் உலைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரும்பு அச்சுகள். அச்சை நாங்கள் டை என்போம். டைக்கு இரண்டு ஆள். ஒருவன் உலையிலிருந்து நீண்ட கரண்டியில் உருகிய அலுமினியத்தை மொண்டு வந்து ஊற்ற வேண்டும். அது என் வேலை. மற்றவன் டையை மூட வேண்டும், திறக்க வேண்டும், பொருளின் நடுவில் துளை விழுவதற்காக உள்ளே நிற்கும் எஃகு உருளையைச் சரியான நேரத்தில் மேலே தூக்க வேண்டும். அந்த உருளைக்குக் கோர் என்று பெயர். அது மாமாவின் வேலை.

மாமா நல்ல உயரம். மீசையைத் தினமும் கத்தரிப்பார். கரியும் எண்ணெயுமாக எல்லோரும் திரிகிற இடத்தில் அவர் மட்டும் வேலை முடிந்ததும் குழாயடியில் அரைமணி நேரம் முகம் கழுவுவார். பாக்கெட்டில் சின்னக் கண்ணாடி வைத்திருப்பார். "இன்னா மாமா, பொண்ணு பாக்கவா போறே?" என்று நான் கேலி செய்தால், "உங்க அக்கா பாக்கப் போறாடா, அது போதாதா?" என்பார். அக்காவும் சின்ன மகளும் அப்போது ஏர்பேட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரே அறை. அதற்குள்தான் நால்வரும்.

முதல் இரண்டு வருடம் தண்ணீர் மோட்டார் உறைகளும் விசிறிப் பாகங்களும் வார்த்தோம். அதில் வம்பே இல்லை. அலுமினியத்தோடு சிலிக்கான் நிறையக் கலந்த உலோகம் அது. கரண்டியிலிருந்து விட்டால் தண்ணீர் மாதிரி ஓடி மூலை முடுக்கெல்லாம் நிரப்பும். டையின் மேல் ஒரு மணி பொருத்தியிருந்தார்கள். ஊற்றி முடித்ததும் குமிழைத் திருகினால், உலோகம் இறுகத் தேவையான நேரம் கழித்து மணி அடிக்கும். மணி அடித்ததும் கோரைத் தூக்கி, டையைத் திறந்து, பொருளை இடுக்கியால் எடுத்து வைப்போம். பேசிக்கொண்டே செய்கிற வேலை.

பிறகுதான் அந்த வளையத்துக்கு ஆர்டர் வந்தது. தொழிற்சாலைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் புல் வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வளையம் சூட்டிலும் வலுவாக நிற்க வேண்டும் என்பதால் சிலிக்கான் கலந்த உலோகம் கூடாது, செம்பு கலந்ததுதான் வேண்டும் என்று அவர்களுடைய வரைபடத்தில் இருந்தது. அந்த வேலைக்கென்றே உலோகவியல் படித்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். திருப்பதிப் பெண். தெலுங்குக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வந்துவிட்டது, இல்லை என்பதற்குச் சில சமயம் லேது என்பார். எல்லோரும் மேடம் என்போம். எங்கள் அக்கா வயதுதான் இருக்கும்.

முதல் நாள் வார்த்த வளையம் ஒன்றுகூடத் தேறவில்லை. எடுத்து ஆற வைத்தால், புடைப்பும் விளிம்பும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். சிலதில் கண்ணுக்கே தெரியும், சிலதில் தட்டிப் பார்த்தால் சத்தம் மாறும். மறுநாளும் அப்படியே. அத்தனையையும் திரும்ப உலையில் போட்டு உருக்கினோம். நான் நிதானமில்லாமல் ஊற்றுவதாக மேஸ்திரி என்னைத் திட்டினார்.

மேடம் குறுக்கே வந்தார். "அவன் ஊத்தறதுல தப்பு லேது. மெட்டலோட குணமே அப்படி."

மாமா கேட்டார். "சிலிக்கான் போட்டா வெடிக்கல, செம்பு போட்டா மட்டும் எதுக்கு மேடம் வெடிக்குது?"

மேடம் ஒரு விரிசல் விட்ட வளையத்தை எடுத்துத் தரையில் வைத்துப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "வீட்ல சங்கட்டி கிண்டுவீங்க இல்ல? களி. அது எறங்கறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்? கட்டியும் இல்ல, தண்ணியும் இல்ல. செம்பு கலந்தா அலுமினியம் அந்த மாதிரி நிலையிலயே ரொம்ப நேரம் நிக்கும். சீக்கிரமா இறுக ஆரம்பிக்கும், ஆனா முழுசா இறுகி முடியறதுக்கு லேட் ஆகும். நடுவுல மணி மணியா உலோகம் கட்டியாயிருக்கும், அந்த மணிங்களுக்கு நடுவுல மெல்லிசா ஒரு தோல் மாதிரி மட்டும் திரவம் இருக்கும். அந்த நேரத்துல வளையம் சுருங்கும். உள்ள இருக்கற கோர் எஃகு, அது சுருங்க விடாது. இழுக்கும்போது அந்த மெல்லிசுத் தோல்லதான் பிரியும்."

"சிலிக்கான்ல?"

"சிலிக்கான் போட்டா கடைசி வரைக்கும் நிறைய திரவம் மிச்சம் இருக்கும். ஏதாவது சின்னதா பிரிஞ்சாக்கூட அந்தத் திரவம் ஓடிவந்து அடைச்சிடும். அப்புறம் மிச்சமெல்லாம் ஒரே சமயத்துல இறுகிடும். செம்புக்கு அந்த வசதி லேது."

அவர் சும்மா இருக்கவில்லை. டைட்டானியமும் போரானும் கலந்த கம்பி என்று ஒன்றை வரவழைத்தார். ஊற்றுவதற்குச் சற்று முன்பு அந்தக் கம்பியைத் துண்டு துண்டாக உலையில் போட்டுக் கலக்கச் சொன்னார். அதைப் போட்டால் இறுகும்போது உலோகத்தின் மணிகள் பொடியாக விழும், இழுவிசை ஒரே இடத்தில் சேராமல் பரவிப்போகும் என்றார். உண்மைதான். விரிசல் பாதிக்குப் பாதி குறைந்தது. டையை இன்னும் சூடாக வைத்தோம், கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் பெட்டி நிரம்பவில்லை. கொஞ்சம் சிலிக்கான் சேர்க்க அனுமதி கொடுங்கள், செம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தார். வரைபடத்தை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அன்றைக்குக் கேன்டீனில் மேடம் தட்டில் பிசைந்து வைத்த சோற்றைச் சாப்பிடாமலே கை கழுவிவிட்டார்.

உற்பத்தி மேலாளர் வேறு வழி கண்டுபிடித்தார். வளையம் சுருங்குவதைக் கோர்தானே தடுக்கிறது, அது சுருங்க ஆரம்பிக்கும் முன்பே கோரைத் தூக்கிவிட்டால் இழுவையே இருக்காது அல்லவா. யோசனையில் தப்பில்லை. மேடமும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் எவ்வளவு முன்னால் என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் கனமாக இருக்கும் புடைப்பு கடைசியில்தான் இறுகும், அதற்குள் தூக்கினால் உள்ளே இருக்கும் திரவம் வெளியே வந்துவிடும், மணி அடிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் அளந்து பார்த்துத்தான் குறைக்க வேண்டும், எனக்கு ஒரு வாரம் வேண்டும் என்றார். மேலாளரிடம் ஒரு வாரம் இல்லை. கப்பல் காத்திருக்காது.

ஒரு நாள் காலையில் மேலாளர் எங்கள் டைக்கு வந்தார். மேஸ்திரியும் கூட நின்றார். மாமாவின் தோளில் கை போட்டார். அதற்கு முன் அவர் எங்களில் யார் மேலும் கை போட்டு நான் பார்த்ததில்லை.

"பெல் கொட்டேதாக்கா ஆகொத்து," என்றார். மணி அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்று அர்த்தம். "நீ அனுபவஸ்தன். மேல ஊத்து வாயில மெட்டல் மின்னுது இல்ல? அந்த மினுமினுப்பு மங்க ஆரம்பிக்கும்போதே தூக்கிடு. உன் கண்ணுதான் எனக்கு பெல்."

"மணிய மாத்தி வெச்சிட்டா நல்லாருக்கும் சார்," என்றார் மாமா.

"அதெல்லாம் அப்புறம் மாத்தலாம். நீ செய்."

மாமா செய்தார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விரிசல் வெகுவாகக் குறைந்தது. மரப்பெட்டிகள் நிரம்பின. பக்கத்து டைக்காரர்கள் வந்து அவர் தூக்குவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மினுமினுப்பு மங்குவதைப் பார்க்க வேண்டுமானால் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. வியர்வையில் அதில் ஆவி படிந்துவிடும். அதனால் அவர் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் நிற்பார். நான் ஒருமுறை சொன்னேன். "போட்டுக்கினு செய் மாமா." "போட்டுக்கினா ஒண்ணும் தெரியலடா மச்சான்," என்றார். அதுவும் உண்மைதான். போட்டுப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

டைக்கு அடியில் குளிர்விக்கிற தண்ணீர்க் குழாய் ஒன்று போகும். அதன் மூட்டு எப்போதும் கசியும். கசிகிற தண்ணீர் கீழே ஒரு தகரத் தட்டில் சொட்டும். மெக்கானிக் இறுக்கிவிட்டுப் போவான், இரண்டு நாளில் மறுபடி சொட்டும். எல்லோரும் பார்த்துப் பழகிய தண்ணீர்.

அன்றைக்கு மதியச் சாப்பாடு முடித்து வந்தோம். அக்கா கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். மேடம் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தார். நான் ஊற்றிவிட்டுக் கரண்டியோடு உலைப் பக்கம் திரும்பினேன். பின்னால் கோர் மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. அதன்பின் லாரி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். சூடாக ஏதோ தெறித்து என் முதுகில் சட்டை பொத்துப்போனது. திரும்பிப் பார்த்தபோது மாமா நின்ற இடத்தில் நீராவிதான் இருந்தது.

புடைப்பு உள்ளே இறுகியிருக்கவில்லை. கோர் மேலே போனதும் துளையின் உள்பக்கத்துத் தோல் கிழிந்து, உள்ளே இருந்த திரவமெல்லாம் கீழே தகரத் தட்டில் கொட்டியிருக்கிறது. தட்டில் தண்ணீர். உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் அது ஒரே நொடியில் ஆவியாகி, மேலே இருக்கிற உலோகத்தைத் தூக்கி அடிக்கும். அது நேராக அவர் முகத்தில் அடித்தது. முகத்தை மறைக்கப்போன வலது கையிலும் அடித்தது.

அவர் கத்தவில்லை. தரையில் மண்டியிட்டு, "மச்சான், மூஞ்சில இன்னாவோ ஒட்டிக்கீது, எடுத்துடு," என்றார். கன்னத்திலும் கண் இமையிலும் வெள்ளித் துண்டுகளாக அலுமினியம் ஒட்டியிருந்தது. எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

கம்பெனி வேனில் திருப்பதிக்கு ஓடினோம். ஊருக்குள் நுழைந்ததும் வேன் நகரவில்லை. ஏதோ விசேஷ நாள், மலைக்குப் போகிற கூட்டம். மலையிலிருந்து இறங்கிய ஒரு பஸ் பக்கத்தில் நின்றது. மொட்டை போட்டு சந்தனம் பூசியிருந்த பெரியவர் ஒருவர் ஜன்னல் வழியாக எங்கள் வேனுக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு, மடியில் இருந்த பேரனின் கண்ணைக் கையால் மூடினார். மாமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டமா? வந்துட்டமா?" என்று கேட்டபடியே இருந்தார்.

டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். இடது கண் போயிற்று. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் அறியும் அளவுக்குக் கொஞ்சம் பார்வை மிஞ்சியது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே மடங்கிவிட்டன. முகத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அக்கா முதலில் வந்து நின்றபோது முகத்தைப் பார்க்கவே இல்லை, பாதத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். முகத்துக் கட்டை அவிழ்த்த பிறகு மகளை அழைத்து வந்தோம். அது வாசலைத் தாண்டி வரவில்லை. "அது எங்க நைனா இல்ல," என்றது. மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விபத்தை விசாரிக்கச் சித்தூரிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். நிதானமான மனிதர். முதலில் தொழிற்சாலையில் என்னிடம் கேட்டார். மணிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று மேலாளர் சொன்னதையும் அதற்கு மாமா சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். மேலாளர் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியைக் கேட்டபோது தனக்கு ஞாபகம் இல்லை என்றார். மேடம், கோரை அளந்து பார்க்காமல் முன்கூட்டித் தூக்கக் கூடாது என்று தான் சொல்லியிருந்ததாகச் சொன்னார். ஆனால் மேலாளர் எங்களிடம் பேசியபோது அவர் அங்கே இல்லை. நேரில் கேட்டவர்கள் மூன்றே பேர். நான், மேஸ்திரி, மாமா.

அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் அக்காவும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பயப்படாம சொல்லுங்க. மணி அடிக்கறதுக்கு முன்னாடி தூக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

மாமா தலையை அக்கா நின்ற பக்கம் திருப்பினார். பிறகு, "யாரும் சொல்லல சார். நானேதான் அவசரத்துல தூக்கிட்டேன்," என்றார்.

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க மச்சான் வேற மாதிரி சொல்லியிருக்காரே?"

"அவன் உலைக்கிட்ட இருந்தான் சார். அவனுக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் மறுபடியும் கேட்டார். மாமா மறுபடியும் அதையே சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். மாமாவுக்கு வலது கையில் கட்டு இருந்ததால் இடது கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கினார். மாமா படித்தவர், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்.

அக்காவை நான் மாடிப்படியில் பிடித்தேன். "இன்னாக்கா இது? மாமா எதுக்குப் பொய் சொல்றாரு?"

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றாள்.

கம்பெனி ஆபீசிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்து வந்து போனது எனக்குத் தெரியும். அவர் அக்காவிடம் என்ன பேசினார் என்று அப்போதுதான் தெரிந்தது. தொழிலாளியே அவசரப்பட்டுச் செய்தது என்று முடிந்தால் மேலாளர் மேல் கேஸ் இல்லை. அப்படி முடித்துக் கொடுத்தால் வைத்தியத்தைக் கடைசி வரை கம்பெனி பார்த்துக்கொள்ளும். அக்காவுக்கு அதே தொழிற்சாலையில் வேலையும் கிடைக்கும்.

"நாளைக்கே உன்ன வேலைய விட்டு எடுத்துட்டா இன்னா செய்வே? அதுக்காகப் பொய்யாக்கா?"

"பொய்யிதான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "உன் உண்மையக் கொண்டாந்து குடு. அத ஆக்கி மூணு பேரும் துன்றோம்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, மாமா மேலா என்றுகூடத் தெரியாத கோபம். படி இறங்கி நடந்து, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய், ஒரு டீகூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு வெகுநாள் அக்காவும் நானும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டோம்.

என் ஒப்பந்தம் முடிந்தபோது கம்பெனி அதைப் புதுப்பிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். சென்னைக்கு மேற்கே கார் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பாகம் செய்கிற ஒரு வார்ப்படக் கூடத்தில் சேர்ந்தேன். எங்கள் டையில் எனக்குப் பதிலும் மாமாவுக்குப் பதிலும் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பேர் நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். மணியை அதன்பிறகு மாற்றி வைத்தார்களாம்.

சொன்னபடி அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள். விரிசல் பார்க்கிற பிரிவில். செம்பு உலோகம் இன்னும் கொஞ்சம் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. கோரை இனி ரொம்ப முன்னால் தூக்க முடியாது என்பதால் விரிசலும் மறுபடி கூடியிருந்தது. ஒவ்வொரு வளையத்தையும் பார்த்தாக வேண்டும். வளையத்தின் மேல் சிவப்புச் சாயம் தெளித்து, ஊற வைத்து, சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் ஒரு பக்கம், தெரியாவிட்டால் மறுபக்கம். நாள் முழுக்க அக்காவுக்கு அதுதான் வேலை.

நான் பொங்கலுக்கு வந்தபோது சோறு போட்ட அவள் விரல் நகமெல்லாம் சிவந்திருந்தது. அவளாகவே சொன்னாள். "மொத நாளு அந்தக் கோட்டப் பாத்ததும் வளையத்த அப்படியே வெச்சிட்டு வெளிய போயிட்டேன். அந்த எடத்துலதான் வருது. புடைப்பு கிட்ட. எல்லாத்துலயும் அதே எடம்."

"இப்போ?"

"இப்போ பழகிடுச்சி." குழம்பை ஊற்றிவிட்டு, "கோடு இருந்தாதான் எனக்கு வேலை," என்றாள். சிரிக்க நினைத்திருக்க வேண்டும், வரவில்லை.

மாமா அறைக்கு உள்ளேயே இருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகும்போது தட்டில் அவருக்குச் சோறு போட்டு, முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். வெளியே யாராவது வந்தால் அவர் துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொள்வார். நான் போனால் மட்டும் எடுத்துவிடுவார்.

அடுத்த வருடம் ரேணிகுண்டா ஸ்டேஷனில் மேடத்தைப் பார்த்தேன். புனேவில் வேலை கிடைத்து, கணவரோடு பெட்டி படுக்கையோடு நின்றிருந்தார். மாமாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டே பிளாட்பாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "மெட்டல் மாத்திட்டாங்க, தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"வாங்கறவங்க சிலிக்கான் போடறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. செம்பையும் பாதியா குறைச்சிட்டாங்க. முதல் நாள்லேர்ந்து நான் கேட்டது அதேதான். இப்போ விரிசலே வரல. கோர எடுக்க அவசரமே லேது."

"மாமாவுக்கு ஆனதக் கேட்டுட்டா மாத்தினாங்க?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பெட்டி லேட்டா போகுதுன்னு மாத்தினாங்க."

ரயில் வந்துவிட்டது. கணவர் கூப்பிட்டார். மேடம் ஏறி, உள்ளே போகாமல் கதவருகே நின்று, ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

விரிசல் இல்லாத வளையத்துக்கு எதற்குச் சிவப்புச் சாயம். ஒரு பெட்டிக்கு ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்தால் போதும் என்று ஆயிற்று. அந்தப் பிரிவில் இருந்த பெண்களில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். அனுப்பப்பட்டவர்களில் அக்காவும் ஒருத்தி. பழக்கூடை கொண்டுவந்த ஆள் அப்போது அங்கே வேலையில் இல்லை, வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் அக்கா பழையதைச் சொல்லிப் பார்த்தாள். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, விசாரணையில் உங்கள் கணவரே தன் தப்பு என்று சொல்லியிருக்கிறாரே அம்மா என்றார்.

இதை அவள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குச் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நீ அன்னிக்கு மாடிப்படியில கேட்டே இல்ல, இன்னா செய்வேன்னு," என்றாள். "ஆமாக்கா," என்றேன். இரண்டு பேரும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தோம். மீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

நகரிக்குத் திரும்பிப் போக அங்கே தறி இல்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் காணிப்பாக்கத்தில், கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறை பெருக்கித் துடைக்கிற வேலை அக்காவுக்குக் கிடைத்தது. அதே லாட்ஜ்காரர் மாமாவுக்கும் ஒரு இடம் கொடுத்தார். கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பு விட்டுப் போகிற கொட்டகை. செருப்பை வாங்கி அடுக்கில் வைத்து, பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுக்க வேண்டும். இடது கையே போதும். பார்வை அவ்வளவாகத் தேவையில்லை, அடுக்கு எங்கே இருக்கிறதென்று கை அறிந்துவிடும்.

போன வருடம் கார்த்திகையில் அங்கே போயிருந்தேன். மகள் சித்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவில் வந்தால் அப்பாவோடு கொட்டகையில் உட்கார்ந்துகொள்கிறாள் என்று அக்கா சொன்னாள். அக்காவும் நானும் இப்போது பேசுகிறோம். அந்த மாடிப்படியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவள் தலை முழுக்க நரைத்துவிட்டது.

மாமா கொட்டகையில் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். நல்ல பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் அப்படித் திரும்பி உட்கார்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு குடும்பம் வந்தது. செருப்பைக் கொடுத்த அம்மா அவர் முகத்தைப் பார்த்ததும் வில்லையை அவர் கையிலிருந்து வாங்காமல், பலகைமேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள். அவர் செருப்பை அடுக்கில் வைத்தார். என்னால்தான் உட்கார முடியவில்லை.

"வுடு மச்சான்," என்றார். "தினமும்தான்."

கொஞ்ச நேரம் கூட்டம் இல்லை. அடுக்கிலிருந்து விழுந்த ஒரு செருப்பைத் தடவி எடுத்து அதன் ஜோடியோடு சேர்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

"அங்க இப்போ இன்னா மெட்டலு ஊத்திக்கினு கீறீங்க?"

"சிலிக்கான் மெட்டலுதான் மாமா. மெஷினே ஊத்துது."

"வெடிக்குதா?"

"இல்ல."

"நல்லா ஓடும் அது," என்றார். படி இறங்கி வருகிற காலடிச் சத்தம் கேட்டு, இடது கையை நீட்டினார்.